அறுந்த தந்தியோடு வாசித்தவன்

ஒரு வெள்ளிக் காசு கட்டினால்தான் அந்த மேடையில் ஏறலாம். பையன் கட்டிவிட்டான். அந்தக் காசில் எத்தனை நாள் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். வயது 15. நெருப்பு நிறத்தில் தலைமுடி. மடியில், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய லூட் வாத்தியம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் வாசிக்கத் தெரிந்தவர்கள், மீதிப் பேர் கேட்டுக் கேட்டுக் காது தேறியவர்கள். அவர்கள் மனம் வைத்தால் வெள்ளியில் செய்த சின்னஞ்சிறு குழல் ஒன்று கிடைக்கும். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போனால் எந்தச் சத்திரத்திலும் வாசிக்க இடம் உண்டு. பிழைப்புக்கு வழி பிறந்துவிடும்.

சுலபமான பாட்டாகப் பார்த்து எடுத்திருக்கலாம். பெரிய வித்வான்களே தொடத் தயங்கும் பாட்டை எடுக்கிறான். அதில் ஆண் பாட ஒரு பங்கு, பெண் பாட ஒரு பங்கு. கூடப் பாட அவனிடம் ஆள் இல்லை. இந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்திக்கு இந்தப் பாட்டு தெரிந்திருக்கும், தன் இடம் வரும்போது அவள் எடுத்துப் பாடுவாள் என்ற ஒரே நம்பிக்கையில் தொடங்கிவிட்டான். அந்த இடம் வருகிறது. ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு மேலே மாடத்து இருட்டிலிருந்து ஒரு குரல் இறங்கி வருகிறது.

பாட்டு உச்சத்தை நெருங்கும்போது தந்தி அறுகிறது.

கூடமே மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. விரல்கள் நிற்கின்றன. இனி எழுந்து போக வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைக்கும்போது, மிச்சமிருக்கிற ஆறு தந்திகளில் அவன் விரல்கள் மெதுவாக, தடவிப் பார்ப்பது போல நகரத் தொடங்குகின்றன. பாட்டு முடியும்போது அவன் அழுதுகொண்டிருக்கிறான்.

பாட்ரிக் ராத்ஃபஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘தி நேம் ஆஃப் த விண்ட்’ நாவலில் வரும் காட்சி இது. ‘காற்றின் பெயர்’ என்று தமிழில் சொல்லலாம். 2007 மார்ச் மாதம் டா புக்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. அந்த ஆண்டே குவில் விருது பெற்றது. மந்திரம், மாயப் பள்ளி, பெரும் பல்லி, ஏழு கொடியவர்கள் என்று காவியக் கற்பனைக் கதைக்கு வேண்டிய எல்லாச் சரக்கும் இதில் உண்டு. ஆனால் இந்த நாவலை மூன்று முறை படித்த எனக்கு இது மந்திரவாதியின் கதையாகத் தோன்றவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்ட ஒரு கலைஞனின் கதையாகத்தான் தோன்றுகிறது. அப்படிப் படித்தால் புத்தகத்தின் ஒவ்வொரு மூலையும் துலங்குகிறது. மந்திரக் கதையாக மட்டும் படித்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மூடி வைத்தவர்களிடம் இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டு இல்லாத சத்திரம்

நாவல் தொடங்குவது மேடையில் அல்ல, ஊர்பேர் தெரியாத கிராமம் ஒன்றின் சத்திரத்தில். ‘வேஸ்டோன்’ என்று பெயர். சத்திரக்காரன் பெயர் கோட். மேசையைத் துடைக்கிறான், ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் புட்டிகளை மறுபடி துடைக்கிறான். அவனுடன் பாஸ்ட் என்றொரு சீடன். அந்தச் சீடன் மனித இனமே இல்லை என்பது நமக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஊர் ஊராகப் போய்க் கதைகளை எழுதிச் சேர்க்கும் ஒரு எழுத்தர் தற்செயலாக அங்கே வந்து சேர்கிறார். உலகமே செத்துப்போனதாக நினைக்கும் குவோத் என்ற பெயர்பெற்ற வீரன்தான் இந்தச் சத்திரக்காரன் என்று கண்டுபிடிக்கிறார். ‘உன் கதையைச் சொல்’ என்கிறார். ‘மூன்று நாள் ஆகும்’ என்கிறான் அவன்.

ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். ‘காற்றின் பெயர்’ முதல் நாள். 2011இல் வந்த ‘தி வைஸ் மேன்ஸ் ஃபியர்’ இரண்டாம் நாள். மூன்றாம் நாள் இன்னும் விடியவில்லை. அதைப் பற்றிப் பிறகு.

அந்தச் சத்திரத்தின் மௌனத்தைச் சொல்லித்தான் நாவலின் முதல் பக்கம் தொடங்குகிறது. அது ஒரே மௌனம் இல்லையாம், மூன்று அடுக்காம். இருக்க வேண்டிய சத்தங்கள் இல்லாமல் போனதால் வந்தது முதல் அடுக்கு. காற்று, கூட்டம், இசை எதுவும் அங்கே இல்லை. இரண்டாவது, ஓரமாக உட்கார்ந்து பேச்சைக் குறைத்துக் குடிப்பவர்களின் மௌனம். மூன்றாவதைக் காதால் கண்டுபிடிப்பது கடினம். அது அந்த மனிதனுக்குள்ளேயே இருக்கிறது. முதல் வாசிப்பில் இந்தப் பக்கத்தை அழகான வர்ணனை என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். நானும் தாண்டினேன். ஒரு பிறவிக் கலைஞனின் வீட்டில் ஒரு வாத்தியம்கூட இல்லை என்ற செய்தி, நாம் கவனிக்கும் முன்பே அங்கே கிடக்கிறது.

ஏழு, ஆறு, ஐந்து

அந்த மேடைப் பையன் குவோத் பிறந்தது எடீமா ரூ என்ற நாடோடிக் கலைஞர் கூட்டத்தில். வண்டிகளில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுவார்கள், பாடுவார்கள். ஊரார் கைதட்டுவார்கள், ஆட்டம் முடிந்ததும் கோழி காணாமல் போனால் முதலில் இவர்களைத்தான் சந்தேகிப்பார்கள். ‘கூத்தாடி’ என்ற சொல்லை நம் ஊரில் எந்தத் தொனியில் சொல்வார்களோ அதே தொனியில்தான் அந்த உலகத்தில் ‘ரூ’ என்கிறார்கள். அப்பா ஆர்லிடன் பாட்டுக் கட்டுபவர். அம்மா லாரியன் பெரிய வீட்டுப் பெண். பாட்டுக்கு மயங்கி வண்டியில் ஏறி வந்துவிட்டவர்.

சாண்ட்ரியன் என்ற ஏழு பேரைப் பற்றி அப்பா ஒரு பாட்டுக் கட்ட முனைகிறார். குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் பழங்கதை என்றுதான் ஊர் நினைத்திருக்கிறது. பாட்டுக்காக அவர் ஊர் ஊராக விசாரிக்கிறார். ஒரு மாலை, காட்டில் சுற்றிவிட்டுத் திரும்பும் சிறுவன், நீல நிறத்தில் எரியும் நெருப்பையும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்நியர்களையும் பார்க்கிறான். கூட்டம் முழுக்கக் கொல்லப்பட்டுக் கிடக்கிறது. பாடக்கூடாத பாட்டைப் பாடியதுதான் குற்றம். இதில் கொலை நடப்பதும் பாட்டுக்காகத்தான், பொன்னுக்கோ நாட்டுக்கோ இல்லை.

அதற்குப் பிறகு வரும் சில பக்கங்களுக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். சிறுவன் அப்பாவின் லூட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறான். அழுவதில்லை, பேசுவதில்லை, யோசிப்பதுகூட இல்லை. வாசிக்கிறான். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோகிறது. பிறகு பாட்டு அல்லாதவற்றை வாசிக்கத் தொடங்குகிறான்: காற்றில் இலை புரள்வது, வெயில் புல்லில் இறங்குவது. அவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே தந்தியில் வரும்வரை விடுவதில்லை. விரல் வெடித்து ஆறி மறுபடி வெடிக்கிறது. மாதங்கள் போகின்றன.

பிறகு ஒரு தந்தி அறுகிறது. மாற்றுத் தந்திக்குக் காட்டில் எங்கே போவது? ஏழில் வாசித்ததை ஆறில் வாசிக்கக் கற்றுக்கொள்கிறான். அது கைவந்த நேரத்தில் இன்னொன்று அறுகிறது. ஐந்தில் கற்றுக்கொள்ள இன்னும் நாளாகிறது. மூன்றாவதும் அறுந்தபோது அரை நாள் முயன்று பார்த்துவிட்டு, இனி ஆகாது என்று புரிந்துகொண்டு காட்டைவிட்டு வெளியே வருகிறான்.

அந்த மேடை இருந்த இயோலியன் கூடத்தில் தந்தி அறுந்ததும் அந்த விரல்கள் எப்படி வழி கண்டுபிடித்தன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அது அற்புதம் இல்லை. தாயும் தகப்பனும் போன துக்கத்தில், காட்டில் தனியாகக் கிடந்து செய்த சாதகம். அவன் மேடையில் அழுததற்கும் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆறு தந்தியில் வாசிக்கும் அந்தக் கை, துக்கத்தில் பழகிய கை.

லூட் பற்றி இரண்டு வார்த்தை. அரேபிய ஊத் வாத்தியத்தின் ஐரோப்பிய வாரிசு அது. பெயரே ‘அல் ஊத்’ என்பதிலிருந்து வந்தது. பாதி வெட்டிய பேரிக்காய் போன்ற குடம், பின்னால் மடிந்த தலை, ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த தந்திகள். அந்தத் தந்திகளுக்கு ஈரம் ஆகாது, வெயில் ஆகாது. சுருதி நிற்காது, சீக்கிரம் அறும். லூட் வாசிப்பவர் 80 வயது வாழ்ந்தால் அதில் 60 ஆண்டு சுருதி சேர்ப்பதிலேயே போயிருக்கும் என்று 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசை அறிஞர் மாத்தேசன் கேலி செய்திருக்கிறார். ராத்ஃபஸ் எத்தனையோ வாத்தியங்கள் இருக்க இதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அடிக்கடி உடையக்கூடிய ஒன்றைத்தான் அந்தப் பையன் கையில் கொடுத்திருக்கிறார்.

நான் ஆறு ஆண்டு வயலின் கற்றவன். மேல் பஞ்சமக் கம்பி அறும்போது கன்னத்துக்குப் பக்கத்தில் கேட்கும் அந்தச் ‘சுளீர்’ இன்றைக்கும் காதில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக ‘கொஞ்ச நாள்’ நிறுத்தினேன். பெட்டி பரணுக்குப் போனது. அதனால்தானோ என்னவோ, அந்தக் காட்டுப் பக்கங்களை என்னால் வேகமாகப் படிக்கவே முடிவதில்லை.

அனுதாபத்துக்குள் ஒரு தாபம்

இனி மந்திரம். இந்த உலகில் மந்திரம் என்றால் கையை ஆட்டினால் கனலும் புனலும் கொட்டுவது இல்லை. அதற்குக் கணக்கு உண்டு. ஒன்றுபோல இருக்கும் இரண்டு பொருள்களை மனதால் பிணைக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கும் நடக்கும். சிறுவனுக்கு முதல் பாடம் சொல்லித்தரும் கிழவர் அபெந்தி, இரண்டு இரும்புக் காசுகளைப் பிணைத்து, ஒன்றைத் தூக்கினால் மேசையில் கிடக்கும் மற்றதும் எழும்புவதைக் காட்டுகிறார். ஆனால் கையிலிருக்கும் காசு கனக்கிறது. இரண்டு காசின் எடையும், வழியில் சிதறும் கொஞ்சமும் சேர்ந்து தூக்குபவன் தலையில்தான் விழுகிறது. பொருள்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு சேதாரம் குறைவு.

ஆங்கிலத்தில் ராத்ஃபஸ் இதற்கு ‘சிம்பதி’ என்று பெயர் வைத்திருக்கிறார். ஜேம்ஸ் ஃப்ரேசர் 1890இல் வெளியிட்ட ‘தி கோல்டன் பௌ’ நூலில், ஒத்தது ஒத்ததைப் பாதிக்கும், ஒருமுறை தொட்டது பிரிந்த பிறகும் தொடர்பில் இருக்கும் என்று பழங்குடி நம்பிக்கைகளை வகைப்படுத்தி, அதற்கு வைத்த பெயரிலும் இந்தச் சொல் உண்டு. இசைக்காரர்களுக்கு அது வேறு விதத்தில் பழக்கம். ஒரே சுருதியில் சேர்த்த இரண்டு தம்பூராக்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றை மீட்டினால் யாரும் தொடாத மற்றதும் முனகும். பள்ளிப் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதுதான். ஆக இந்த மந்திரத்தின் வேரே ஒரு தந்தியில் இருக்கிறது.

தமிழில் சிம்பதிக்கு அனுதாபம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் தாபம் இருக்கிறது. தாபம் என்றால் வெப்பம். நாவலில் அனுதாபம் செய்பவன் கடத்துவதும் பெரும்பாலும் வெப்பத்தைத்தான். பக்கத்தில் விளக்கோ கணப்போ இல்லாவிட்டால் தன் உடம்புச் சூட்டையே எடுக்க வேண்டியிருக்கும். உதடு நீலம் பாரித்து விறைத்துப்போவான். ஆங்கிலத்தில் படிக்கும்போது இல்லாத ஒரு பொருத்தம் தமிழ் வாசகனுக்குக் கிடைக்கிறது. ‘பைண்டிங்’ என்பதற்கும் நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: பிணித்தல். அகத்தியர் இராவணனை இசையால் பிணித்ததாக நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில் சொல்கிறாரே, அந்தப் பிணிப்பு. என்றைக்காவது இந்த நாவலைத் தமிழுக்குக் கொண்டுவருபவர் இந்த இரண்டு சொற்களையும் விட்டுவிடக் கூடாது.

இந்தக் கணக்கு வழக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஆசிரியரின் கல்லூரி நாள்களுக்குப் போக வேண்டும். 1973இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் பிறந்தவர் ராத்ஃபஸ். அதே மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பிறகு மனநல உளவியல். பிறகு எதையும் குறிக்காமல் பிடித்த பாடமெல்லாம் படித்தார். இளங்கலை முடிக்க ஒன்பது ஆண்டு! 1999இல் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கினார். அந்த ஆண்டுகளில்தான் இந்தப் பெருங்கதையை எழுதிக்கொண்டிருந்தார். வெப்பம் எங்கே போகிறது, எவ்வளவு வீணாகிறது என்று கேட்கும் வேதிப் பொறியியல் மாணவன் ஒருவன் இந்த மந்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. நம்பிக்கையால் பொருள் அசையும், ஆனால் எதிரெதிரான இரண்டு நம்பிக்கைகளை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தப் பழக வேண்டும் என்ற பயிற்சியில் உளவியல் மாணவனும் இருக்கிறான்.

எழுதி முடித்ததை வாங்க ஆள் இல்லை. திரும்பத் திரும்ப நிராகரிப்பு. 2002இல் அதிலிருந்து ஒரு பகுதியைச் சிறுகதையாக்கி ‘ரைட்டர்ஸ் ஆஃப் த ஃப்யூச்சர்’ போட்டிக்கு அனுப்பினார், பரிசு கிடைத்தது, அந்தக் கதவு வழியாகத்தான் பதிப்பகத்துக்குள் போனார். அதன் பிறகும் ஐந்து ஆண்டு திருத்தினார். தனக்குப் புத்தக ஆசையை ஊட்டிய தாய்க்கும், ஒன்றைச் செய்தால் நிதானமாகச் சரியாகச் செய் என்று கற்றுத்தந்த தந்தைக்கும் நாவலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். நிதானம் என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் பின்னாளில் பல தடவை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடனும் பட்டினியும்

காட்டைவிட்டு வந்த சிறுவன் டார்பியன் என்ற துறைமுக நகரில் சேர்கிறான். வந்த அன்றே தெருப்பையன்கள் அப்பாவின் லூட்டை உடைத்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டு பிச்சை, திருட்டு, அடி, உதை, கூரை இடுக்கில் தூக்கம். அந்த மூன்று ஆண்டில் அவன் ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. வாத்தியம் இல்லாதது மட்டும் காரணம் அல்ல. பெற்றோரின் நினைவு, மந்திரம் கற்றுத்தரும் பல்கலைக்கழகத்தில் சேரும் கனவு, அபெந்தி சொல்லித்தந்தவை எல்லாவற்றையும் மனதில் ஒரு கதவைப் போட்டு அடைத்துவிட்டான்.

அதைத் திறந்துவிடுவது ஒரு கிழவர் சொல்லும் கதை. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம். நுழைவுத் தேர்வில் அவன் பதில்களைக் கேட்டு அசந்துபோன ஆசிரியர்கள், கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக மூன்று டேலண்ட் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகத் தேர்வு, புதிதாகக் கட்டணம். டெவி என்ற பெண்ணிடம் கடன் வாங்குகிறான். அவள் அடமானமாகக் கேட்பது நகையோ பத்திரமோ இல்லை, அவனுடைய இரத்தத்தில் சில சொட்டு. அனுதாபம் தெரிந்தவள் கையில் உன் இரத்தம் இருந்தால் நீ எந்த ஊருக்கு ஓடினாலும் ஓடியதாக ஆகாது.

ஹாரி பாட்டருக்குக் குகையில் தங்கக் காசு குவிந்து கிடந்தது. குவோத்துக்கு அடுத்த பருவக் கட்டணத்துக்கு வழி தெரியாது. கட்டணத் தேதி நெருங்கினால் வயிற்றில் புளி கரைக்கும் என்பது தெரிந்த குடும்பங்களிலிருந்து வரும் வாசகருக்கு இந்த அத்தியாயங்கள் கற்பனைக் கதையாகவே படாது. ஆம்ப்ரோஸ் என்ற பணக்கார மாணவன் செய்யும் சூழ்ச்சியால், எந்த நூலகத்துக்காக உயிரைக் கொடுத்து அங்கே வந்தானோ அந்த நூலகத்துக்குள் நுழையவே தடை விழுகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு வந்த கோபம் உண்மையான கோபம்.

குறை இல்லாத நாவல் இல்லை இது. குவோத்துக்குத் தெரியாதது எதுவும் இல்லை, எதைத் தொட்டாலும் முதலாவது என்ற புகார் பரவலாக உண்டு. அதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது: கதையைச் சொல்வது அவனேதான். மேடையில் பிறந்தவன், எங்கே நிறுத்தினால் கேட்பவன் மூச்சை இழுப்பான் என்று தெரிந்தவன். அவன் தன்னைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஆனால் பெண்களைக் காட்டுவது பற்றிய புகாருக்கு என்னிடம் பதில் இல்லை. டென்னாதான் இயோலியனில் இருட்டிலிருந்து பாடியவள், அவனுக்கு இணையான கலைஞி. அவளைக்கூட நாவல் பெரும்பாலும் தூரத்து நிலவாகவே வைத்திருக்கிறது. இரண்டாம் புத்தகத்தில் ஃபெலூரியன் என்ற மாயப்பெண்ணோடு கழியும் நீண்ட பகுதி எனக்கு அலுத்தது. அதில் பாதி இடத்தை டென்னாவின் பாட்டுகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

காற்று வந்த நாள்

அனுதாபத்துக்கு மேலே இன்னொரு கலை உண்டு. பொருள்களின் உண்மைப் பெயரை அறிவது. காற்றின் பெயர் தெரிந்தவன் அழைத்தால் காற்று வரும். இது ராத்ஃபஸ் கண்டுபிடித்தது இல்லை. அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலில் மந்திரமே உண்மைப் பெயர்களில்தான் இருக்கிறது. அந்த லெ குவினே ‘காற்றின் பெயர்’ நாவலைப் பாராட்டி எழுதினார். சொற்களில் உண்மையான இசை இருக்கிறது என்பதுதான் அவர் பாராட்டின் சாரம். மூத்தவர் பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடித்துவிட்டார்.

சிறுவனாக இருந்தபோதே அபெந்தி காற்றை அழைப்பதைக் குவோத் பார்த்திருக்கிறான். தானும் செய்து பார்க்கத் துடித்து, தன் நுரையீரலில் இருக்கும் மூச்சை வெளியே இருக்கும் காற்றோடு பிணித்துவிடுகிறான். கணக்கு அவனை மாட்டிவிடுகிறது. அத்தனை காற்றையும் அசைத்தால்தான் ஒரு மூச்சு விட முடியும், நெஞ்சு நகரவில்லை. கிழவர் காப்பாற்றாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அனுதாபத்தால் காற்றைப் பிடிக்கப் பார்த்தவனுக்குக் கிடைத்தது மூச்சுத் திணறல்தான். பல்கலைக்கழகத்தில் பெயர்க்கலை ஆசிரியர் எலோடினிடம் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி மன்றாடுகிறான். ‘கூரையிலிருந்து குதி’ என்கிறார் அவர். பரீட்சை என்று நினைத்துக் குதித்து விலா எலும்பை உடைத்துக்கொள்கிறான். இவ்வளவு முட்டாள்தனமான ஒருவனுக்குச் சொல்லித்தர முடியாது என்று போய்விடுகிறார்.

அப்படியென்றால் காற்று எப்போது வருகிறது? ஆம்ப்ரோஸ் அவன் லூட்டைப் பிடுங்குகிறான். லூட் உடைகிறது. குவோத் வாயிலிருந்து அவனுக்கே தெரியாத ஒரு சொல் வெடிக்கிறது. காற்று எழுந்து எதிரியைத் தூக்கி எறிகிறது.

முதல் லூட் உடைந்தபோது மூன்று ஆண்டு மௌனம். இரண்டாவது உடைந்தபோது காற்றின் பெயர். படித்ததால் வரவில்லை, கணக்குப் போட்டு வரவில்லை. இசை உடைந்த இடத்தில் வந்தது. அவன் வாசித்த கூடத்தின் பெயரே இயோலியன். கிரேக்கர்களின் காற்றுத் தலைவன் ஏயோலஸ் பெயரிலிருந்து வந்த சொல். ஜன்னலில் வைத்தால் காற்றே மீட்டும் தந்தி வாத்தியம் ஒன்றுக்கும் ஐரோப்பாவில் அந்தப் பெயர் உண்டு. முன்பே எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் ஆசிரியர். நமக்குத்தான் பிந்திப் புரிகிறது.

விடியாத மூன்றாம் நாள்

இரண்டாம் புத்தகம் 2011 மார்ச்சில் வெளிவந்து ‘நியூயார்க் டைம்ஸ்’ பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ‘தி டோர்ஸ் ஆஃப் ஸ்டோன்’ என்று பெயர் சொல்லப்பட்ட மூன்றாம் புத்தகம் வரவில்லை. இடையில் இரண்டு சிறு நூல்கள் வந்தன. 2014இல், பல்கலைக்கழகத்துக்கு அடியில் சுரங்கங்களில் தனியாக வாழும் ஆரி என்ற பெண்ணின் ஏழு நாள்கள். அதில் உரையாடலே இல்லை, கதையென்று சொல்லிக்கொள்ளவும் அதிகம் இல்லை. ஆனாலும் இவர் எழுதியதில் எனக்கு மிகவும் நெருக்கமான சின்னப் புத்தகம் அது. 2023இல் பாஸ்டின் ஒரு நாளைப் பற்றி இன்னொன்று. பழைய சிறுகதையை விரித்து எழுதியது. படமாக்க லயன்ஸ்கேட் உரிமை வாங்கியது. ‘ஹாமில்டன்’ இசை நாடகம் தந்த லின் மானுவல் மிராண்டா இணைந்தார். தொலைக்காட்சித் தொடருக்கான பேச்சு 2019இல் நின்றுபோனது.

காத்திருப்பு கசப்பாக மாறியது. மூன்றாம் புத்தகத்தின் ஒரு சொல்லைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று அவருடைய பதிப்பாசிரியர் பெட்ஸி வோல்ஹைம் 2020இல் வெளிப்படையாக எழுதினார். 2021 இறுதியில், ராத்ஃபஸ் தொடங்கிய ‘வேர்ல்ட்பில்டர்ஸ்’ அறக்கட்டளைக்கு நிதி திரட்டும்போது, இலக்கை எட்டினால் புதிய புத்தகத்திலிருந்து ஒரு அத்தியாயம் தருவதாகச் சொன்னார். வாசகர்கள் இலக்கை எட்டிக் காட்டினார்கள். அத்தியாயம் வரவில்லை. பின்னால் மன்னிப்புக் கேட்டார். சொன்ன வாக்கு தவறியது தவறுதான். காசு கொடுத்து நம்பியவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எழுதவில்லை என்பதற்காக ஒருவரைத் துரத்தித் துரத்தித் திட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கலை நின்றுபோன ஒரு மனிதனின் கதையை எழுதிய கை அது. வாசிக்காதவனின் மௌனத்தை அவ்வளவு நுணுக்கமாக அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டியவருக்கு அந்த மௌனம் என்னவென்று தெரியாமலா இருக்கும்? பரண்மேல் பெட்டியை ஏற்றி வைத்தவர்களுக்குத் தெரியும். ‘ஏன் வாசிப்பதில்லை’ என்று யாராவது கேட்கும்போது வாய்க்கு வரும் காரணங்கள் எதுவும் உண்மையாக இருப்பதில்லை.

முடியாத கதையை ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: காடும், இயோலியனும், ஆறு தந்தியும் முதல் புத்தகத்திலேயே முழுமையாக இருக்கின்றன. அவற்றுக்கு மூன்றாம் நாள் தேவையில்லை.

எனக்குத் தேவைப்படுகிறது. சத்திரத்தில் கோட்டின் அறையில், கட்டில் காலடியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மூன்று பூட்டு: ஒன்று இரும்பு, ஒன்று செம்பு, ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. இரண்டாம் புத்தகத்தில் அவன் அதைத் திறக்கப் பார்க்கிறான். தானே பூட்டியதைத் தன்னாலேயே திறக்க முடியவில்லை. உள்ளே என்ன என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள். அவன் பெயர் என்கிறார்கள், அவன் சக்தி என்கிறார்கள், மாய அங்கி என்கிறார்கள். ஆசிரியர் வேறு ஏதோ வைத்திருக்கலாம். அது ஒரு லூட்டாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏழு தந்தியும் கட்டி, சுருதி சேர்க்காமல்.